காக்காக்கால் கத்தி

மண்டபம் சோதனைச் சாவடியில் பேருந்துக்குள் ஏறிய காவலர் என் தோள்பையைத் திறந்தபோது உள்ளே பதினோரு மடக்குக் கத்திகள் இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடலுக்கு அந்தப்பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்ததால் தீவுக்குப் போகும் பைகளையும் தீவிலிருந்து வரும் பைகளையும் விடாமல் சோதித்தார்கள். நான் நிருபர் அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையை ஒருமுறையும் கத்திகளை இருமுறையும் பார்த்துவிட்டு என்னைக் கீழே இறங்கச் சொன்னார்.

சாவடி மேசையில் இருந்த உதவி ஆய்வாளர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கூடவே விவரமும் சொன்னேன். இது மான்கொம்புப் பிடி. இது கருங்காலி. இதில் நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் இடதுகைக்காரருக்காக மறுபக்கம் இருக்கிறது. இதன் வில் தளர்ந்துவிட்டது, அதனால் மூடும்போது சத்தம் வராது. ஆறாவது கத்தியில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வீட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். இருபது என்றேன்.

"ஏப்பா, இவர பஸ்ஸுல ஏத்தி விடு" என்று காவலரிடம் சொன்னார். "ஒரு கத்தி வச்சிருக்கவனத்தான் நாம பாக்கணும். முப்பது வச்சிருக்கவன் வெங்காயங்கூட நறுக்கியிருக்க மாட்டான்."

அவர் சொன்னது சரி. நான் வெங்காயம் நறுக்கியதில்லை. அந்தக் கத்திகளால் எதையுமே நறுக்கியதில்லை.

இந்தப் பழக்கம் 1974இல் ஒட்டிக்கொண்டது. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்புக்கு ராமநாதபுரத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். தலைமன்னாரிலிருந்து கப்பல் வரும் நாள்களில் ராமேஸ்வரம் துறைக்குப் போவேன். தேயிலைத் தோட்டங்களை விட்டுத் திரும்பி வந்தவர்கள் பெட்டிகளோடு வரிசையில் நிற்பார்கள். அவர்களில் ஒருவர், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், என் பென்சில் முனை உடைந்ததைப் பார்த்துத் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். சுண்டுவிரல் நீளம். கொம்புப் பிடி, இரண்டு அலகு. சீவிவிட்டு மூடினார். "டக்" என்றது. அந்தச் சத்தத்துக்காக இன்னொரு தடவை திறந்து மூடச் சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னபோது அவர் கத்தியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வரிசை நகர வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் அதை என் கையில் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஆகாமல் போய்விடும். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கீழே வைத்து எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்பதால் நானும் அப்படியே செய்துவந்தேன்.

அதன் பிறகு செய்திக்காக எங்கே போனாலும் கண் சட்டைப்பைகளையும் இடுப்பு முடிச்சுகளையும் தேடியது. இந்தக் கரையில் பழைய மடக்குக் கத்திக்குப் பஞ்சமில்லை. கப்பலில் வந்தது, கொழும்பில் வாங்கியது, துரை ஒருவர் மறந்துவிட்டுப் போனது என்று எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு கிடந்தது. வாலிநோக்கத்தில் உப்பளத்து மேற்பார்வையாளர் ஒருவர் வைத்திருந்த கத்தி, உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது. அதை அவர் காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருந்தார். பதினோரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் திறந்தேன். உள்ளே அலகு இல்லை. எப்போதோ உடைந்துபோயிருந்தது. அதையும் வைத்துக்கொண்டேன்.

பெரியபட்டினத்து வியாபாரி ஒருவரிடம் சிப்பிப் பிடி போட்ட பழக்கத்தி இருந்தது. அவருடைய வாப்பா கொழும்பில் வாங்கியது. மாம்பழம் நறுக்கி எனக்கும் கொடுத்தார். நான் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, மனம் இளகி, தட்டில் வைத்தார். நான் கையை நீட்டுவதற்குள் மறுபடி எடுத்துக்கொண்டார். இன்னொரு பழம் நறுக்கினார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை அவர் வைத்ததும் நான் காத்திருக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, "எடுத்துட்டீகளா, அல்ஹம்துலில்லாஹ், எனக்கும் ஒரு முடிவு கெடச்சுச்சு" என்றார். அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். கீழே வைத்த கத்தியை உடனே எடுத்துவிட வேண்டும். அந்தப் பாடம்தான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

இன்னொரு வழக்கத்தையும் நானே ஏற்படுத்திக்கொண்டேன். கத்தியைக் கொடுத்தவர் வெறுங்கையோடு நிற்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் பையில் எப்போதும் ஒரு புதிய டார்ச் லைட், பேட்டரி போட்டு, டப்பாவோடு வைத்திருப்பேன். கத்தியை எடுத்த இடத்தில் அதை வைத்துவிட்டு வருவேன். ராமநாதபுரத்தில் நான் டார்ச் லைட் வாங்கும் கடைக்காரர் பல வருடங்கள் என்னைத் திருட்டு வேட்டைக்காரன் என்று நினைத்திருந்தார்.

காக்காக்கால் கத்தியை நான் பார்த்தது சாவடிச் சம்பவத்துக்கு மறு வருடம். பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையில், நாட்டுப்படகு வைத்திருந்த மீனவர் ஒருவர் நங்கூரக் கயிற்றுக்கு முனை கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் படகுகளுக்கு டீசல் கிடைக்காத பிரச்சினை பற்றி விசாரிக்கப் போயிருந்தேன். இரண்டு கேள்விகளுக்குப் பிறகு டீசலை மறந்துவிட்டேன். அவர் கையிலிருந்தது கப்பலோட்டிகளின் கயிற்றுக் கத்தி. ஒரு சாண் நீளம். முனை கூராக இல்லாமல் வெட்டிவிட்டதுபோல் நேராக இருந்தது. ஆடுகிற கப்பலில் யாரையும் குத்திவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள். முதுகுப்பக்கம் மடங்கியிருந்தது ஓர் இரும்பு முள். கயிற்றின் முறுக்கைப் பிரித்துப் புரிகளைக் கோப்பதற்கு அது. பிடியின் அடியில் வளையம். அலகின் அடிப்பகுதியில் மூன்று கோடுகள் சேர்ந்த ஓர் அம்பு முத்திரை, அதாவது பிரிட்டிஷ் அரசாங்கத்துச் சொத்து. பதினெட்டு வருடமாகத் தேடியும் நான் அந்த முத்திரை போட்ட ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

அவருடைய அப்பா தனுஷ்கோடித் துறையில் மூட்டை தூக்கியபோது கிடைத்ததாம். முத்திரையைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். "காக்காக் கால்" என்றார். கத்தியின் பெயரே அதுதான். ஊரில் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும் என்றார். உங்களுக்குப் பிறகு இது யாருக்கு, கொடுக்கிற எண்ணம் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேலையைப் பார்த்தார். நான் படகின் விளிம்பில் சாய்ந்து காத்திருந்தேன்.

பிறகு நடந்ததை என் குறிப்பேட்டில் இருக்கிறபடியே சொல்கிறேன். மணி பன்னிரண்டு. மாதா கோயில் மணி அடித்தது. அவர் கத்தியை மடக்கிப் படகின் பலகைமேல் வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். எழுந்து நின்று கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன.

பார்த்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த அர்த்தம்தான் தப்பு. அப்பா விட்டுப்போன கத்தியை எனக்குத் தர முடிவுசெய்துவிட்டார், கீழே வைத்துவிட்டார், நான் எடுப்பதைப் பார்க்க மனமில்லாமல் கண்ணை மூடி அதற்காக ஒரு செபமும் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். சத்தமில்லாமல் கத்தியை எடுத்தேன். அந்த இடத்தில் டார்ச் லைட்டை வைத்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் போயிட்டு வாரேன் என்று சொல்லி அவரைக் கலைப்பது நாகரிகமில்லை என்று நினைத்து, மணலில் மெதுவாக நடந்து சாலைக்கு வந்தேன். பேருந்தும் உடனே வந்தது.

அவர் எனக்குக் கத்தியைக் கொடுக்கவே இல்லை என்பது தெரிய ஐந்து மாதம் ஆயிற்று.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு கயிற்றுச் சுருள், கையில் ஓலைப்பெட்டி. பேப்பர்காரர் வீடு எது என்று கேட்டால் ராமநாதபுரத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள்களில் நாட்டுப்படகுகள் கரையில் நிற்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. புதன் விசைப்படகு நாள். அதனால் அவருக்கு ஓய்வு. ஓலைப்பெட்டியில் முதல்நாள் பிடித்த விளமீன் இருந்தது. என் மனைவி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார்.

"பேப்பர் சார், கொஞ்சம் அதக் கீழ வைங்க" என்றார்.

அலமாரியிலிருந்து கத்தியை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தேன். எடுத்தார். முள்ளை விரித்தார். மூன்று மணி நேரம் புரி கோத்தார். முடித்ததும் கத்தியை மடக்கித் தரையில் வைத்தார். காபி குடித்தார். "வாரேன் தங்கச்சி" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த புதனும் வந்தார். அதற்கடுத்த புதனும் வந்தார். எனக்கு இது பெருமையாக இருந்தது. கொடுத்த கத்திமேல் அவருக்கு இன்னும் பாசம் போகவில்லை, அதைப் பார்க்க வருகிறார் என்று மனைவியிடம் விளக்கினேன்.

"குடுத்தவரு வாரா வாரம் வருவாரா?" என்றாள்.

மகளைக் கட்டிக் கொடுத்தவர்கள் போய்ப் பார்ப்பதில்லையா என்று கேட்டேன்.

"போவாக. போயி மகளக் கல்லுல வச்சுத் தீட்ட மாட்டாக."

அதுதான் என் பிரச்சினை. நான்காவது புதன்கிழமை அவர் கத்தியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், படிக்கல்லில் தண்ணீர் தெளித்து, அலகைத் தீட்ட ஆரம்பித்தார். பழைய கத்திகளைச் சேர்ப்பவன் செய்யக்கூடாத முதல் காரியம் அது. என்னிடமிருந்த முப்பத்தொரு கத்திகளில் ஒன்றையும் நான் கல்லைப் பார்க்க விட்டதில்லை. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, மெல்லிய துணி, அவ்வளவுதான். இங்கே என் கண்முன்னால் பிரிட்டிஷ் அரசாங்கத்துச் சொத்து சாம்பல் நிறக் குழம்பாகி எங்கள் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் கத்தியை எனக்குத் தந்தவர். தீட்டாதே என்று எப்படிச் சொல்வது?

வெளியான செய்தி எத்தனை நீளம் என்று பார்ப்பதற்காக ஓர் இரும்பு ஸ்கேல் வைத்திருந்தேன். அவர் போன பிறகு அதை எடுத்து அலகின் அகலத்தை அளந்தேன். இருபது மில்லிமீட்டர். குறிப்பேட்டில் எழுதினேன். அதன் பிறகு அளவெடுப்பது புதன் மாலை வேலையாகிவிட்டது. அவருக்குப் பதிலாக நல்ல புதுக் கத்தி ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன். அதைத் திறந்தார், கயிற்றில் வைத்து ஓர் இழு இழுத்தார், மடக்கி ஓரமாக வைத்தார். மரியாதைக்காக, நல்லாயிருக்கு என்றார். பிறகு காக்காக்காலைக் கீழே வைக்கச் சொன்னார்.

ஐந்தாவது மாதம் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சேகரிப்பாளர்களின் கண்காட்சி நடந்தது. நாணயம், தபால்தலை, தீப்பெட்டிப் படம், பழைய பூட்டு என்று எட்டுப் பேர். ஒன்பதாவது நான். கத்திகள் என்றதும் காவல்துறை அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி கிடைத்தது, இரண்டு நிபந்தனைகளோடு. ஒரு காவலர் என் மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். கத்திகளை மூடிய நிலையில்தான் வைக்க வேண்டும். மூடி வைத்த முப்பத்திரண்டு மடக்குக் கத்திகள் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. முப்பத்திரண்டு மரத்துண்டுகள்போல் இருந்தன. வந்தவர்கள் என் மேசையைத் தாண்டிப் பூட்டுகளுக்குப் போனார்கள்.

ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தேன். கடைசி அட்டை இது: "32. கப்பலோட்டிகளின் கயிற்றுக் கத்தி. பிரிட்டிஷ் அரசு முத்திரை உள்ளது. பாம்பன் கரை மீனவர் ஒருவரின் அன்பளிப்பு."

அன்றைக்குப் புதன்கிழமை. பதினொரு மணிக்கு அவர் கயிற்றோடு மண்டபத்துக்குள் வந்தார். வீட்டில் யாரும் இல்லாததால் பக்கத்து வீட்டில் விசாரித்து வந்திருக்கிறார். மேசையைப் பார்த்தார், தம் கத்தியைக் கண்டுபிடித்தார், எடுத்தார், மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து திறந்தார்.

காவலர் வேகமாக வந்து, திறக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது என்றார்.

"தெறக்காம எப்படி வெட்டுறது?" என்று அவர் கேட்டார்.

காவலர் என்னைப் பார்த்தார். நான் காவலரைப் பார்த்தேன். அதற்குள் முள் கயிற்றுக்குள் போய் ஒரு புரி வெளியே வந்திருந்தது. பூட்டு மேசையில் நின்ற கூட்டம் இங்கே வந்தது. தபால்தலை மேசைக் கூட்டமும் வந்தது. நாணயக்காரரே தம் மேசையை விட்டுவிட்டு வந்து நின்றார். கயிறு தன்னையே தின்றுகொண்டு வளையமாகிற வித்தையை எல்லாரும் வாய் திறந்து பார்த்தார்கள். காவலரும் பார்த்தார். இரண்டாவது நிபந்தனையை யாரும் நினைக்கவில்லை.

முடித்துவிட்டு எழுந்தவர், கத்தியை வைக்க மேசைக்கு வந்து அட்டையைப் படித்தார். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். இரண்டு முறை படித்தார்.

"மீனவர் ஒருவர்னா யாரு சார்?"

"நீங்கதான்."

"நான் எப்பக் குடுத்தேன்?"

சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்தீர்களே என்றேன்.

"கீழ வைக்காம? கத்தியக் கையில வச்சுக்கிட்டா சிலுவ போடுறது?"

"கண்ண மூடி நின்னீங்க."

"பன்னெண்டு மணி அடிச்சா செபம் சொல்லணும் சார். வேற என்ன, உங்க போட்டாவுக்கா நின்னேன்?"

காவலர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எடுத்துக்கொண்டு போனது தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று மீனவரிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"எதுக்குக் கேக்கணும்? மொறையாத்தான எடுத்தீக. எங்க கரையில ஆளு இல்லாதப்ப ஒரு சாமான எரவல் எடுத்தா, நம்ம சாமான் ஒன்ன அங்கன வச்சுட்டு எடுக்கணும். அப்பத்தான் எடுத்தது யாருன்னு தெரியும். நீங்க டார்ச் லைட்டு வச்சுட்டுப் போயிருந்தீக. பேப்பர்காரரு, வெளியூரு, ஆனா மொறை தெரிஞ்சவருன்னு வீட்டுல சொன்னேன். எரவல் எடுத்தவரு வேல முடிஞ்சாத் தருவாரு. அதுவரைக்கும் என் வேலைக்கு நான்தான வரணும்?"

ஐந்து மாதமாக எனக்கு வேலை முடியவில்லை என்று பொறுமையாக நினைத்திருக்கிறார். அந்தக் கத்தியை வைத்து நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை, கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார். தீட்டியதும் அதனால்தான். இரவல் எடுத்தவர் தீட்டித் தருவது வழக்கம். நான் தீட்டுகிற மாதிரித் தெரியாததால் எனக்காக அவரே தீட்டியிருக்கிறார்.

பத்திரிகையில் தப்பு வந்தால் திருத்தம் போடுவோம். பேனாவை எடுத்து அட்டையில் "அன்பளிப்பு" என்பதை அடித்து, "கத்தி" என்று எழுதினேன். பாம்பன் கரை மீனவர் ஒருவரின் கத்தி. அவர் அதையும் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். சாயங்காலம் கண்காட்சி முடிந்ததும் கத்தியை நாற்காலியில் வைத்தேன். அவர் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நல்லபடியாகத்தான் சொல்லிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து அலமாரியில் முப்பத்தொரு கத்திகளையும் அடுக்கினேன். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

மறுவாரம் வந்தார். உட்காரவில்லை. டார்ச் லைட்டைக் கொண்டுவந்து வைத்தார். டப்பாவோடு அப்படியே இருந்தது. பொத்தானை அழுத்திக்கூடப் பார்த்ததில்லை, ஈடாக வைத்த சாமானைத் தொடக் கூடாது என்றார். உள்ளே பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. அடுத்த இரண்டு புதன்களும் அவர் வரவில்லை. முதல் புதன் மனைவி அரைத்து வைத்த மசாலா வீணாயிற்று. இரண்டாவது புதன் கத்திரிக்காய் வைத்தாள்.

மூன்றாவது புதன் பத்து மணிக்குக் கயிறு, ஓலைப்பெட்டி, கத்தி எல்லாவற்றோடும் வந்தார். கத்தியைக் கூடத்தில் வைத்தார். கொஞ்சம் தள்ளியே வைத்தார். முகத்தில் களைப்பு.

நடந்தது இது. காக்காக்கால் திரும்பி வந்துவிட்டது என்று கரையில் தெரிந்ததும் ஊரே இரவல் எடுக்க ஆரம்பித்துவிட்டது. அவர் கடலில் இருக்கும்போது ஒருவர் எடுப்பார், ஒரு சாமானை வைப்பார். அவரிடமிருந்து இன்னொருவர் எடுப்பார், அங்கே ஒரு சாமான் வைப்பார். இவர் தேடிப்போய்க் கத்தியை மீட்டுவந்தாலும் ஈடு வைத்த சாமானை எடுக்க யாரும் வரவில்லை. மூன்று வாரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு லாந்தர், இரண்டு துடுப்பு, ஒரு ரேடியோ, ஒற்றைச் செருப்பு சேர்ந்துவிட்டன. அவர் வீட்டம்மாள் அந்த ரேடியோவைப் பாட வைத்ததில் ஒரு சண்டை. செருப்பு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. கத்தியைத் தேடி அவர் நான்கு வீடு நடந்திருக்கிறார்.

"இங்கனயே கெடக்கட்டும் சார்" என்றார். "இங்கன இருந்தா நீங்க ஒருத்தர்தான் எரவல் எடுப்பீக. எடுத்தாலும் ஒன்னும் செய்ய மாட்டீக."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கத்தியை எடுக்கும் அவசரத்தில் கோபப்படவில்லை. எடுத்த இடத்தில் வைக்க வேறு எதுவும் இல்லாததால் அதே டார்ச் லைட்டை, புதிய பேட்டரி போட்டு வைத்தேன். தாராளமாக உபயோகிக்கலாம் என்று சொன்னேன். முறை முறைதான் என்று சொல்லி டப்பாவைத் துண்டில் கட்டிக்கொண்டார். பின்வாசலில் தீட்டுவதை மட்டும் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். வெட்டாத கத்தியைத் தூக்கிக்கொண்டு அலைய அவர் என்ன பேப்பர்காரரா என்று கேட்டார்.

பதினேழு வருடம் இப்படியே போயிற்று. சண்டை நடந்த வருடங்கள், புயல் வருடங்கள், சுனாமிக்குப் பிறகு அவர் படகு வாங்கக் காத்திருந்த மாதங்கள், எதிலும் புதன்கிழமை தவறவில்லை. படகு இல்லாத மாதங்களில் அடுத்தவர் கயிற்றைக் கொண்டுவந்தார். எனக்கு அவர் ஊர் விஷயங்களில் செய்தி கிடைத்தது. அவருக்கு எங்கள் வீட்டுக் காபி. மனைவிக்கு மீன். கத்திக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. தேய்ந்துகொண்டிருந்தது.

2009இல் சென்னையிலிருந்து ஒருவர் கடிதம் எழுதிவிட்டு என்னைப் பார்க்க வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பெரிய சேகரிப்பாளர். தோல் பெட்டியில் வெல்வெட் விரித்துப் பன்னிரண்டு கத்திகளை அடுக்கி எடுத்துவந்திருந்தார். காக்காக்காலைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை என்றார். எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு அதைத் தரலாம் என்றார். எங்கே அது?

கூடத்தைக் காட்டினேன். புதன்கிழமை. கத்தி நனைந்த நைலான் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது.

வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். என் அனுபவத்தில் எனக்கு அந்த முகம் தெரியும். பின்வாசல் படிக்கல்லைப் பற்றி நான் சொல்லவில்லை. கத்தியின் சொந்தக்காரர் அவர்தான், அவரிடமே கேளுங்கள் என்றேன். கேட்டார். அறுபத்திரண்டு வயதில் நிதானமாக எழுந்து வந்து, பெட்டியைப் பார்த்தார் மீனவர். நல்ல கத்திகள், அழகாக வைத்திருக்கிறீர்கள் என்று மனதாரச் சொன்னார். பிறகு ஒன்றைத் திறந்து கயிற்றின்மேல் வைத்தார்.

"ஐயா, ஐயா, அது வெட்டுறதுக்கு இல்லைங்க" என்று வந்தவர் பதறினார்.

"பின்ன எதுக்கு?"

வந்தவர் உதவிக்கு என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் கத்தி சேர்த்தவனிடம் இதற்கு ஒரு பதில் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார். நான் மீன் வெந்துவிட்டதா என்று சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

மீனவர் கத்தியை மடக்கிப் பெட்டியில் இருந்த பள்ளத்திலேயே பத்திரமாக வைத்தார். காக்காக்காலை மாற்றிக்கொள்ள முடியாது என்றார். அது வேறொருவருக்குச் சொல்லியாகிவிட்டது. யாருக்கு என்று வந்தவர் கேட்டார். அதே கேள்வியைப் பதினேழு வருடத்துக்கு முன்னால் படகோரத்தில் நின்று நான் கேட்டபோது பதில் வரவில்லை.

"பேப்பர் சாருக்குத்தான். ஈர்க்குச்சி மாதிரித் தேயட்டும். அப்பறம் எனக்கு ஆகாது, அவரு வச்சுக்கலாம். அவருக்குத்தான் வெட்டுற வேல இல்லயே."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அடுத்த புரியை எடுத்தார். சென்னைக்காரர் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிப் பேருந்தில் போனார். விளமீன் குழம்பை மட்டும் மனமாரப் பாராட்டினார்.

இந்தத் தடவை நான் சரியாகத்தான் கேட்டேன், சாட்சியும் இருந்தது. கத்தி எனக்குத்தான். சாயங்காலம் ஸ்கேலை எடுத்து அலகை அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். ஈர்க்குச்சியை இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இன்னும் பத்துத் தேய வேண்டும். வருடத்துக்கு அரை மில்லிமீட்டர் வீதம் இருபது வருடம். எனக்கு அப்போது எழுபத்தொன்பது நடக்கும், அவருக்கு எண்பத்திரண்டு. கணக்கை மனைவியிடம் காட்டினேன். அவள் பென்சிலை வாங்கி, இருபது வருடத்துக்கு எத்தனை புதன்கிழமை வரும் என்று பக்கத்திலேயே பெருக்கிப் பார்த்துவிட்டு, திருப்தியாக உள்ளே போனாள்.